சுகர் என்று தெரிந்த முதல் மூன்று மாதம்

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே பல வீடுகளில் இரண்டு காரியம் நடந்துவிடும். சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்கு ஏறும்; கடையிலிருந்து தினையோ சாமையோ ஒரு பை வந்து இறங்கும். இரண்டாவது வாரம் தினைச்சோறு சலிக்கும். மூன்றாவது வாரம் பழைய தட்டே திரும்பி வந்துவிடும். "மனசுல உறுதி இல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அங்கே இல்லாதது கணக்கு. எந்தச் சாப்பாடு, எந்த அளவில், தன் உடம்பில் சுகரை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதுவும் நிலைக்காது. கணக்கைப் பார்க்க, வீட்டிலேயே விரலில் குத்திச் சுகர் பார்க்கும் ஒரு மீட்டர் வேண்டும், ஒரு நோட்டு வேண்டும், நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாட்டைச் சாப்பிடும் நாலு சுகர்காரர்கள் வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் டைப் 2 நீரிழிவு என்று புதிதாகத் தெரிய வந்த பெரியவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கு அளவுகள் வேறு. ஒல்லியான உடம்பு, சில வாரங்களில் மளமளவென எடை இறக்கம், தீராத தாகம், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று இருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது டைப் 1 ஆகவும் இருக்கலாம். அதற்கு இன்சுலின் இல்லாமல் முடியாது.

ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும்

வெறும் வயிற்றில் சுகர் 126 (மி.கி./டெ.லி.) அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக்கூடாது. இரண்டாவது பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. 7 என்றால் சராசரி சுகர் சுமார் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

சாப்பாட்டில் கை வைக்கும் முன்னால் மாத்திரையின் பெயரைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சோற்றைக் குறைத்தாலும் சுகர் தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. பழைய சோற்று அளவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மருந்து அது; சோறு பாதியானால் சுகர் 70க்குக் கீழே போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று முடிகிற வகை இருந்தால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும், நாள் முழுக்க விரதம் இருப்பதும் ஆபத்து. மீட்டரில் சுகர் அதிகமில்லாமலேயே ரத்தம் அமிலமாகிவிடலாம். இந்த இரண்டு வகைக்காரர்களும் "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தாழ்சுகர் வந்தால் வேர்க்கும், கை நடுங்கும், திடீர்ப் பசி எடுக்கும், பேச்சு குழறும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் ரத்தத்தில் ஏற விடாது. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது

பெரும்பாலானவர்கள் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு மீட்டரை மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணிலிருந்து தட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை அவிழ்த்துவிடும்; அதனால் ராத்திரி பட்டினி கிடந்தவருக்கும் காலையில் 150 காட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த ராத்திரியும் பட்டினி கிடப்பது வழக்கமான தப்பு.

ஜோடியாகப் பாருங்கள். முதல் வாய் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை. அந்த முதல் வாயிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் மறு தடவை. கணக்கு சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை. ஏற்றம் எவ்வளவு என்பதுதான் பாடம். பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே. வயதானவர்களுக்கும் தாழ்சுகர் அடிக்கடி வருபவர்களுக்கும் டாக்டர் இலக்கைத் தளர்த்தி வைப்பார்.

மீட்டரில் செருகும் ஸ்டிரிப் சும்மா கிடைப்பதில்லை. எனவே ஒரு வாரத்துக்கு ஒரே வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். காலைப் பலகாரம் என்றால், உதாரணத்துக்கு, நோட்டு இப்படிப் போகலாம்:

திங்கள்: 4 இட்லி, தேங்காய்ச் சட்னி. முன் 122, பின் 209. ஏற்றம் 87.
புதன்: அதே 4 இட்லி, அதே சட்னி, சாப்பிட்டதும் 15 நிமிட நடை. முன் 120, பின் 178. ஏற்றம் 58.
வெள்ளி: 2 இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், 2 அவித்த முட்டை. முன் 126, பின் 161. ஏற்றம் 35.

ஆறு ஸ்டிரிப்பில் ஒரு வேளை தெளிவாகிவிட்டது. ஒரு நாள் நடையை மட்டும், இன்னொரு நாள் தட்டை மட்டும் மாற்றியதால்தான் இது புரிகிறது. நடையையும் முட்டையையும் ஒரே நாளில் சேர்த்திருந்தால் எது வேலை செய்தது என்று கடைசி வரைக்கும் தெரியாது. அதே இரண்டு இட்லி அடுத்த வீட்டுக்காரருக்கு 60 ஏற்றலாம். தூக்கம் கெட்ட நாளில் உங்களுக்கே கூடுதலாக ஏற்றலாம். சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் பார்த்துவிட வேண்டும்.

எண் தப்பாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கைதான். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் மாம்பழத்தைத்தான் அளக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வரவில்லை என்று பிசைந்து எடுக்காதீர்கள். கையைத் தொங்கவிட்டு வெதுவெதுப்பாகத் தேய்த்தால் வரும். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து போட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டிரிப் கெட்டுவிடும். நல்ல மீட்டருக்கும் முன்னே பின்னே 15 சதவீதம் அனுமதி உண்டு. 160 என்று காட்டினால் உண்மை 140ஆகவோ 180ஆகவோ இருக்கலாம். பத்து எண் வித்தியாசத்துக்காகச் சந்தோஷமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

தட்டு

சுகரை ஏற்றுவது மாவுச்சத்தும் சர்க்கரையும். நம் தட்டில் இனிப்பைவிட மாவுச்சத்துதான் அதிகம். கையோடு மனதில் நிற்க வேண்டிய சில அளவுகள், தோராயமாக: நடுத்தர இட்லி ஒன்றில் மாவுச்சத்து 10 கிராம். வீட்டுத் தோசை ஒன்றில் 20. மெல்லிய சப்பாத்தியில் 18 முதல் 20. கடைப் பரோட்டா ஒன்றில் 35க்கு மேல். 200 மில்லி டம்ளரில் தலை தட்டிய சோறு, அதாவது 150 கிராம், 40 முதல் 45. ஒரு டம்ளர் பாலில் 10. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 5.

ஒரு வேளைக்கு 40, 45 கிராமில் தொடங்கி மீட்டரைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மதியத்துக்கு அது ஒரு டம்ளர் சோறு. சோற்றை வெந்த பிறகு அளந்தால் கரண்டி தாராளமாகிவிடும். அரிசியாகவே அளப்பது நல்லது. 55 கிராம் அரிசி வெந்தால் சுமார் 150 கிராம் சோறு. சமையலறைத் தராசு இல்லாவிட்டால், ஒரே டம்ளரை சுகர்காரருக்கென்று ஒதுக்கி, அதில் அளந்து தட்டில் கவிழ்த்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை சோறு கண் முன்னால் இருப்பதால்தான் விழுகிறது, பசி அப்புறம்தான்.

வயிறு நிறைய வேண்டுமே என்றால் அதற்குத்தான் மற்ற முக்கால் தட்டு. பாதித் தட்டு கீரை, அவரை, பீன்ஸ், புடலை, சுரை, வெண்டை, முட்டைக்கோஸ். கால் தட்டு புரதம்: மீன், கோழி, முட்டை, பனீர், பயறு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை எல்லாம் காய்க்கடையில் வாங்கினாலும் சோற்றுக் கணக்கில்தான் வரும். உருளை வறுவலைத் தொட்டுக்கொண்டு சாம்பார் சாதம் என்பது சோற்றுக்குச் சோறே தொடுகறி.

புரதத்தில்தான் சைவ வீடுகள் இடறுகின்றன. தண்ணியாக ஒரு கரண்டி சாம்பாரைப் பருப்புக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அதில் பருப்பு ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. கெட்டிக் கூட்டு, பாசிப்பயறு, சுண்டல், பனீர், தயிர் என்று வெளிப்படையாகத் தட்டில் தெரிய வேண்டும். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் 9 கிராம். மாவுச்சத்தும் 27 கிராம் உண்டு, ஆனால் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் மெதுவாக ஏறும். அப்படியும் சுண்டலைச் சோற்றோடு கூடுதலாகச் சேர்க்காமல் சோற்றுக்குப் பதிலாகச் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. பொரியலும் கூட்டும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். ஐந்து பத்து நிமிடம் முன்னால் காயும் புரதமும் உள்ளே போனாலே ஏற்றம் குறைகிறது. செலவில்லாத மாற்றம் இது; முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கலாம்.

இனி சிறுதானியம். அரிசி 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 78 என்றால் தினை, சாமை, வரகு, கேழ்வரகில் 60 முதல் 67. நார்ச்சத்து கூடுதல், அவ்வளவுதான். "சுகருக்கு நல்லது" என்று இரண்டு தட்டு வரகுப் பொங்கல் சாப்பிட்டால் ஒரு டம்ளர் அரிசிச் சோற்றைவிட அதிகம் ஏறும். கேழ்வரகை மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாகவே ஏறும். மென்று தின்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஓட்ஸ் கஞ்சிக்கும் இதேதான். குக்கர் சோறா, வடித்த சோறா என்ற பழைய வழக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. கஞ்சியோடு போவது கொஞ்சம், மாவுச்சத்தில் பெரும்பகுதி சோற்றிலேயே தங்கிவிடும்.

ராத்திரிதான் பலருக்குக் கோட்டைவிடும் வேளை. "சோறு விட்டாச்சு, டிபன்தான்" என்பார்கள். மூன்று தோசை 60 கிராம்; விட்ட சோற்றைவிட அது அதிகம். ரவை உப்புமா, சேமியா, இடியாப்பம், புட்டு எல்லாம் அதே குடும்பம். தோசை இரண்டோடு நிற்கட்டும். கூட ஒரு கிண்ணம் காய்க்குருமாவோ முட்டையோ இருக்கட்டும். இல்லாவிட்டால் பயறு அரைத்த பெசரட்டு.

டீயைக் கணக்கில் எழுத மறந்துவிடுவார்கள். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டுமே 40 கிராம். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் சலுகை தராது. "டயபடிக் பிஸ்கட்" என்று எழுதியிருந்தால் பாக்கெட்டைத் திருப்பி மாவுச்சத்து எவ்வளவு என்று படியுங்கள். சர்க்கரை போயிருக்கும், மைதா அங்கேயே இருக்கும். பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள்: ஒரு கொய்யா, அல்லது பாதி ஆப்பிள், சாப்பாட்டோடு இல்லாமல் நடுவேளையில். ஜூஸ் தாழ்சுகருக்கு மருந்து. மற்ற நேரத்தில் வேண்டாம்.

வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ விஷயம் வீட்டுக்கு வீடு வரும். சமையலில் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்துவதில்தான் கேடு இருக்கிறது.

கூட இருக்கும் நாலு பேர்

டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடம். "ஹோட்டல்ல என்ன சாப்பிடறது, கல்யாணப் பந்தியில என்ன செய்யறது, மாமியார் அளந்து சோறு போட்டா கோவிச்சுக்கறாங்க" என்பதையெல்லாம் அங்கே கேட்க முடியாது. அதே தெரு இட்லிக் கடையில் சாப்பிட்டு அதே மாதிரி மீட்டர் பார்த்தவரிடம் கேட்கலாம்.

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசுபவர் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஆள் தேட அலைய வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்பவர்கள், காலை நடையில் பார்க்கும் முகங்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் பணியாளரிடம், தெருவில் சேர விருப்பமுள்ளவர்களுக்குச் சொல்லி வைக்கும்படி கேட்கலாம். யார் பெயரையும் அவரிடம் கேட்காதீர்கள். அடுத்தவர் நோயை அவர் வெளியே சொல்லக்கூடாது. பத்து வருஷம் சுகரோடு ஒழுங்காக இருக்கும் ஒருவராவது குழுவில் இருந்தால் நல்லது. சமைப்பவர் வேறு ஆளாக இருந்தால் அவரும் வரட்டும். அவர் வராத குழுவில் பேச்சு சமையலறை வாசலோடு நின்றுவிடும்.

வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம், ஒரே கிழமை, ஒரே இடம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஜோடி எண் சொல்ல வேண்டும்: என்ன சாப்பிட்டார், எத்தனை, முன் எவ்வளவு, பின் எவ்வளவு. "நல்லா கன்ட்ரோல்ல இருக்கேன்" என்ற பதில் செல்லாது. பிறகு ஒருவர் வாரப் பிரச்சினை ஒன்றை வைக்க, மற்றவர்கள் தாங்கள் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறார்கள். கலையும் முன் ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்கு ஒரு சிறு காரியம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "சோத்தக் குறைக்கறேன்" என்பதில் பிடி இல்லை. "ராத்திரி தோசை மூணை ரெண்டாக்கறேன், புதன்கிழமை பாக்கறேன்" என்பதில் இருக்கிறது.

முதல் நாளே பேசி வைக்க வேண்டியவை சில உண்டு. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் மாற்றவோ நிறுத்தவோ சொல்லக்கூடாது. "எனக்கு அந்த மாத்திரையில சரியாச்சு" என்று சீட்டைக் காட்டுவதும் இதில் அடங்கும். குழுவுக்குள் எதையும் விற்கக்கூடாது. சுகர் பவுடர் விற்க ஒருவர் வந்தால் இரண்டு மாதத்தில் குழு கலையும். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. வரன் பார்க்கும் வீட்டிலும், வேலை செய்யும் இடத்திலும் சுகரை மறைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. வாட்ஸ்ஆப் குழு வைத்தால் ஃபார்வர்டு வேண்டாம், தட்டின் படமும் எண்ணும் மட்டும்.

இன்னொன்று, பாசத்தில் நடக்கும் தப்பு: ஒரே மீட்டரைச் சுற்றி விடுவது. குத்தும் பேனாவையும் அதில் மாட்டும் ஊசியான லான்செட்டையும் ஒருபோதும் பகிரக்கூடாது, ஊசி மாற்றினாலும் பேனா அவரவருடையது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பரவ அதில் ஒட்டிய ஒரு துளி ரத்தம் போதும். மீட்டரும் ஆளுக்கொன்று இருப்பதே சரி. செலவு மிச்சம் பிடிக்க ஸ்டிரிப்பை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். முழு டப்பாவாகப் பிரிக்க வேண்டும், எண்ணி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வீண்.

குழு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் மயக்கம் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், நீரிழிவு வரும் ஆபத்தில் இருந்த 1,007 பேரை வைத்து நடந்த சக உதவிக் குழு ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. ஆனால் புதிதாக நீரிழிவு வருவது குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. பழக்கத்தை மாற்றக் குழு உதவும். எண் குறைகிறதா என்பதை மீட்டரும் லேபும்தான் சொல்ல வேண்டும், குறையாவிட்டால் டாக்டர் மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்து கூடுவது யாருடைய தோல்வியும் இல்லை.

அதேபோல "மாத்திரையே இல்லாமல் குணம்" என்ற பேச்சும் குழுவில் வரும். அதில் பாதி உண்மை உண்டு. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மருத்துவக் கண்காணிப்பில் 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சுகர் நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. அவர்கள் எல்லோரும் எடை கூடுதலானவர்கள் அல்லது உடல்பருமன் உள்ளவர்கள், நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் இதைப் படித்துவிட்டுப் பட்டினி கிடப்பதில் அர்த்தமில்லை.

விசேஷ நாளும் மூன்றாம் மாதமும்

பந்தியில் இலையை மூடி எழுந்திருக்க வேண்டியதில்லை. போவதற்கு முன் வீட்டில் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ. பந்தியில் பொரியலும் கூட்டும் முதலில், சோறு ஒரு தடவை, இனிப்பு வேண்டுமென்றால் பாயசத்தையோ ஜாங்கிரியையோ ஏதாவது ஒன்றை மட்டும், அன்று சோற்றில் பாதியை விட்டுவிட்டு. முடித்ததும் மண்டபத்தைச் சுற்றிக் கால் மணி நேரம் நடை. "ஒரு நாள்தானே" என்று பரிமாறுபவரிடம் வியாதியை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்; இலையின் மேல் கையை மறித்தால் போதும்.

நோய் தெரிந்த உடனே ஒரு தடவை செய்ய வேண்டியவை: கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி என்று பார்க்கச் சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியேட்டினினும், கொழுப்பு அளவு, ரத்த அழுத்தம், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை. டைப் 2 பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே வரும். அதனால் கண் பரிசோதனையை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளக்கூடாது. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி. அதற்கு முன்னால் பார்த்தால் பழைய மாதங்களின் கணக்கும் கலந்திருக்கும். டாக்டரிடம் போகும்போது நோட்டையும் கொண்டு போங்கள். வெறும் வயிற்று எண் சரியாக இருந்து சாப்பாட்டுக்குப் பின் மட்டும் ஏறுகிறதா, இல்லை இரண்டுமே அதிகமா என்று அதில் தெரிந்தால் எந்த மருந்து என்பதை அவர் எளிதாக முடிவு செய்வார்.

மூன்றாம் மாத ரிப்போர்ட் வரும் வாரத்தில் குழுவில் ஒருவர் வராமல் போவார். பெரும்பாலும் எண் குறையாதவர். அவருக்கு ஃபோன் செய்யும்போது ரிப்போர்ட்டைக் கேட்காதீர்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு நடக்க வருகிறாரா என்று மட்டும் கேளுங்கள்.